ஒரே ஆண்டில் இரண்டு பணிகள்: துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

திரைப்படக் கல்வியில் என் முதுகலைப் படிப்பு சென்ற வாரம் நிறைவடைந்தது. பழைய தமிழ் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றிய ஆய்வேட்டையும், தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய 18 நிமிட ஆவணப்படத்தையும் ஒரே கல்வியாண்டில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டின் முகப்பிலும் என் பெயர் மட்டுமே இருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அடங்காத உதவிகளைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆகஸ்டில் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆய்வுக்கு வேண்டிய புத்தகங்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருந்தன. படத்துக்கு வேண்டிய உப்போ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் விளைந்துகொண்டிருந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், பிறகு உப்பு வாருவதைப் பார்க்கத் தை, மாசி வரை காத்திருக்க வேண்டும். ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் செப்டம்பர் 30 என்று அறிவித்திருந்தார்கள். இடையில் வகுப்புகளும் வாரம் ஒரு கட்டுரையும் வேறு.

கால அவகாசம் கேட்டு என் நெறியாளரிடம் போனேன். அவர் அவகாசம் தரவில்லை. அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆய்வேட்டின் அத்தியாயங்களை ஒரு தாளில் எழுதச் சொல்லி, எவை நூலக மேசையில் உட்கார்ந்தால்தான் எழுத முடிபவை, எவை கையிலிருக்கும் குறிப்புகளை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் எழுத முடிபவை என்று என்னையே பிரிக்கச் சொன்னார். அப்படிப் பிரித்தபோது, ஐந்தில் இரண்டு அத்தியாயங்களுக்கு மேசையே தேவையில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டையும் முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் எழுதினேன். வாரத்தின் முதல் மூன்று நாள் நூலகம், புதன் இரவு எழும்பூரில் ரயில், வியாழன் முதல் சனி வரை அளம், ஞாயிறு காலை விடுதி என்று ஆறு வாரங்கள் ஓடின. அந்த ஆறு ஞாயிறுகளிலும் விடிவதற்குள் கதவைத் திறந்துவிட்டு, ஒரு முறைகூட முகம் சுளிக்காத விடுதிக் காப்பாளர் அம்மாவுக்கும் என் வணக்கம்.

நூலகத்தின் பணியாளர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. தொட்டால் உதிரும் தாளை எப்படி அடியில் கைகொடுத்துப் புரட்டுவது என்பதை முதல் நாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊருக்கும் சென்னைக்குமாக நான் அலைவது தெரிந்த பிறகு, அந்த வாரம் பார்க்க வேண்டிய கட்டைத் திங்கள் காலையிலேயே எடுத்து வைத்திருப்பார்கள். படம் பார்க்க வருகிறவர்களுக்குச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட அந்தச் சிறு புத்தகங்களில், பாட்டுகளோடு கதைச்சுருக்கமும் இருக்கும். நாயகியோ நாயகனோ பெருந்துன்பத்தில் சிக்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைப் புத்தகம் புத்தகமாகக் குறித்துக்கொண்டு வந்த வேலை, பின்னால் படத்தொகுப்பு மேசையில் எனக்குக் கை கொடுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி அளத்துக்கு வருகிறேன். முதல் பயணத்தில் காலை ஒன்பது மணிக்குக் கேமராவோடு போய் நின்றேன். ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை 18 சதவீதச் சாம்பலாகவே கணக்கிடும், ஆகவே வெள்ளைப் பரப்பைப் படமெடுக்கும்போது லென்ஸின் துளையைக் கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய மாதத் தேர்வில் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் களத்தில் பதற்றத்தில் மானி சொன்னதையே நம்பினேன். அன்று எடுத்த உப்புக் குவியல்கள் எல்லாம் சிமென்ட்டுக் குவியல்களாக வந்திருந்தன. நான் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னார்: "பிள்ள, வெயிலு ஏறுன பெறவு இது யாரு கண்ணுக்கும் ஆவாது. நாளைக்கு நாலு மணிக்கே வந்துரு."

மறுநாள் நாலு மணிக்குப் போனபோது அவர்கள் ஏற்கெனவே பாத்தியில் இறங்கி வேலையைத் தொடங்கியிருந்தார்கள். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் உப்பு மினுங்க, நீண்ட பிடியுள்ள மரப்பலகையால் அதை வரப்போரமாக இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் முதல் நான்கு நிமிடங்கள் அன்று எடுத்தவை. அதே அக்காவிடம் ஒரு காட்சிக்காக இன்னொரு முறை இழுத்துக் காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேலை நேரத்தில் அப்படிச் செய்வது அவருடைய கூலிக்கு இடைஞ்சல் என்பது எனக்குத் தெரியும். அவர் மறுக்கவில்லை. கஞ்சி குடிக்க ஒதுக்கியிருந்த கால் மணி நேரத்தில், தூக்குவாளியைத் திறக்காமலேயே வரப்பில் வைத்துவிட்டு எனக்காக மறுபடியும் பாத்தியில் இறங்கினார். பழைய காலுறைக்குள் உப்பு அரித்த அவருடைய பாதங்களை அதன் பிறகுதான் பார்த்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது.

உப்புச் செறிவை அளக்கும் போமே (Baumé) கணக்கில் கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி, வெயிலில் வற்றி இருபத்தைந்தை ஒட்டி வரும்போதுதான் உப்பு இறங்கும், அதற்கும் மேலே ரொம்ப ஏறவிட்டால் கைப்புத் தட்டிவிடும் என்று செறிவுமானியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டிய கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும் நன்றி. படத்தில் குரல்வழி விளக்கம் என்று இருப்பது அவருடைய அந்த ஒரு நிமிடம் மட்டுமே.

முதல் இரண்டு பயணங்களில் பதிவான பேச்சு முழுவதையும் கடற்காற்று விழுங்கியிருந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் சொந்தப் படத்தின் படத்தொகுப்பை நான்கு நாள் நிறுத்திவிட்டு, காற்றுறை போட்ட மைக்கையும் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு என்னோடு ரயிலேறினான். உப்பு முறியும் ஓசை, பலகை இழுபடும் ஓசை, பம்புசெட்டு நின்ற பிறகு வரும் அமைதி என்று தனித்தனியாகப் பதிவு செய்து கொடுத்தவன் அவன்தான். அவனுடைய படம் அதனால் ஒரு வாரம் தாமதமானது. அதைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

படத்தொகுப்பில் கடைசிக் காட்சி நெடுநாள் அமையவே இல்லை. மழை மாதங்களில் வேலையில்லாமல் வட்டிக்குக் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவதை அந்த அக்கா ஆறு நிமிடம் விளக்கிச் சொல்வதாக முதலில் வைத்திருந்தேன். பார்த்துவிட்டு என் நெறியாளர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பாட்டுப் புத்தகம் எங்க நிறுத்தும்?" அன்றிரவே அந்தப் பேட்டியை நீக்கினேன். கறுத்து வரும் வானத்தை அந்த அக்கா ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் இடத்தில் இப்போது படம் முடிகிறது.

அம்மா, ஆறு பயணச் செலவுக்கும் நீங்கள் கணக்குக் கேட்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆய்வேட்டின் ஒரு படியை நூலகத்தில் சேர்ப்பித்துவிட்டேன். படத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காமார் குடியிருக்கும் தெருவிலேயே வேட்டித் திரை கட்டிக் காட்டப் போகிறோம். மறுநாள் விடியுமுன் அவர்கள் அளத்துக்குப் போக வேண்டியிருப்பதால், இருட்டியதும் ஏழு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுவோம். இந்த மடலில் வந்த அனைவரும் அன்று வந்து உட்கார வேண்டும் என்று அன்போடு அழைக்கிறேன்.

நன்றியுடன்,
முதுகலை இரண்டாமாண்டு மாணவி,
சென்னை