பெயர் மாறிய சேனலுக்கு இரண்டு கட்டணம், காணாமல் போன தமிழ் ஒலி: புகார்

அனுப்புநர்:
காசிமேட்டு வாடிக்கையாளர்,
சென்னை – 13.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
கேபிள் டிவி நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

நாள்: 12.06.2023

பொருள்: ஒரே குழந்தைகள் சேனலுக்குப் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் 15 மாதங்களாகக் கட்டணம் பிடித்தது, அதே சேனலில் தமிழ் ஒலி நின்றுபோனது தொடர்பாக.

பார்வை: தங்களுடைய 29.05.2023 நாளிட்ட பதில் கடிதம்.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் பதில் கிடைத்தது. மொத்தம் நான்கே வரிகள். அதில் மூன்றாவது வரிக்காகத்தான் மறுபடியும் எழுதுகிறேன். மார்வெல் ஹெச்க்யூவும் சூப்பர் ஹங்காமாவும் வெவ்வேறு சேனல்கள், இரண்டையும் நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், ஆகவே இரண்டுக்கும் கட்டணம் பிடிப்பது சரிதான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவை இரண்டல்ல, ஒன்று. 2022 மார்ச் 1ஆம் தேதி பெயர் மட்டும் மாறியது. அன்றைக்குப் பிறகு மார்வெல் ஹெச்க்யூ என்ற பெயரில் இந்த நாட்டில் எந்தச் சேனலும் ஒளிபரப்பாகவில்லை. இல்லாத சேனலுக்கு 15 மாதங்களாக என் வீட்டிலிருந்து பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

இவ்வளவு நாள் இது என் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் கேபிள்காரர் அண்ணன் மாதம் பிறந்ததும் வீடு தேடி வந்து பணம் வாங்கிக்கொண்டு போவார். அவர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிடுவோம். கடந்த மாதம் தமிழ் ஒலி வராத விஷயமாக அவரிடம் கேட்டபோதுதான், எங்கள் இணைப்பின் பில்லை வரி வரியாக அச்செடுத்துத் தந்தார். தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒரே பொருள் இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வந்தால் என் கண் தானாக நின்றுவிடும். நின்றது.

இந்தச் சேனலின் பழைய கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் அதை விற்பவர்கள். நான் பார்ப்பவள். ஆனாலும் சொல்கிறேன்.

2003 செப்டம்பர் 1 முதல், கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்கியே ஆகவேண்டும் என்ற 'காஸ்' முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. மற்ற பெருநகரங்கள் தள்ளிப்போட்டன. சென்னை மட்டும் மாட்டிக்கொண்டது. பெட்டி வாங்க வசதியில்லாத எங்களைப் போன்ற வீடுகளில் கட்டணச் சேனல்கள் ஒரே நாளில் கருத்துப்போயின. அதற்கு அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 17 அன்று, வால்ட் டிஸ்னி நிறுவனம் இந்தியாவில் இரண்டு சேனல்களைத் தொடங்கியது. ஒன்று டிஸ்னி சேனல், மற்றொன்று டூன் டிஸ்னி. தமிழிலும் தெலுங்கிலும் ஒலி தந்தது டூன் டிஸ்னி. எனக்கு அப்போது 14 வயது, தம்பிக்கு 7. மாடி வீட்டில் பெட்டி இருந்தது. தம்பி அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பான். தொடங்கிய ஒன்பதாம் நாள் ஆழிப்பேரலை வந்தது. காசிமேட்டில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த அந்த மாதத்தை எங்கள் பகுதியில் யாரும் தேதி தவறிச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் இந்தத் தேதியும் எனக்கு மறக்கவில்லை.

காஸ் பகுதிகளில் கட்டணச் சேனல் ஒன்றுக்கு 5 ரூபாய் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பு வைத்த பிறகு, 2007இல் அப்பா ஒரு பெட்டி வாங்கினார். முழுக்கத் தமிழ்ச் சேனலாகச் சுட்டி டிவி வந்ததும் அந்த ஆண்டு ஏப்ரலில்தான். இருந்தும் தம்பி டூன் டிஸ்னியை விடவில்லை. அதை அவன் 'ஜெட்டிக்ஸ்' என்றுதான் சொல்வான். சாகசத் தொடர்களுக்காக அந்தச் சேனலுக்குள் இருந்த ஒரு பகுதியின் பெயர் அது. அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அதுவே சேனலின் பெயராகிவிட்டது.

2009 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, டூன் டிஸ்னி 'டிஸ்னி எக்ஸ்டி' ஆனது. 2019 ஜனவரி 20 அன்று டிஸ்னி எக்ஸ்டி 'மார்வெல் ஹெச்க்யூ' ஆனது. 2022 மார்ச் 1 அன்று மார்வெல் ஹெச்க்யூ 'சூப்பர் ஹங்காமா' ஆனது. ஒரு சேனல், நான்கு பெயர்கள்.

'ஹங்காமா' என்ற பெயரில் வேறொரு சேனலும் இருக்கிறது. அதை 2004 செப்டம்பரில் தொடங்கியது யூடிவி நிறுவனம். 2006இல் டிஸ்னி அதை வாங்கிக்கொண்டது. அது இன்றும் தனியாக ஓடுகிறது. உங்கள் தொலைபேசி எண்ணில் பேசிய பெண், ஹங்காமாவையும் சூப்பர் ஹங்காமாவையும் ஒன்றாக்கிவிட்டு, ஒன்றேயான சூப்பர் ஹங்காமாவையும் மார்வெல் ஹெச்க்யூவையும் இரண்டாக்கினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்த பட்டியல் அப்படி இருந்திருக்கும். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களிடம்தான் கேட்கிறேன்.

இனி என் கையிலுள்ள ஆதாரத்துக்கு வருகிறேன். சேனல்களை வாடிக்கையாளரே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற டிராயின் புதிய முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் 100 சேனல்களுக்கு நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சேனல்களுக்கு அவரவர் தேர்வுப்படி என்று உங்கள் படிவம் வந்தது. ஜனவரி கடைசி வாரத்தில் கேபிள்காரர் அண்ணனும் நானும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை நிரப்பினோம். படிவத்தில் 'டிஸ்னி எக்ஸ்டி' என்றுதான் அச்சாகியிருந்தது. ஆனால் அதற்குள் பெயர் மாறிவிட்டதால், அண்ணன் தன் நீல மைப் பேனாவால் அந்தப் பெயரை அடித்து, மேலே 'மார்வெல்' என்று எழுதினார். 'ல்' புள்ளி காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டது. பக்கத்தில் அவர் கையெழுத்து, அதன் கீழே என் கையெழுத்து. அடுத்த மாதப் பில்லில் டிஸ்னி எக்ஸ்டி இல்லை, மார்வெல் ஹெச்க்யூ மட்டும் இருந்தது. அதாவது, பெயர் மாறினால் பழைய வரியிலேயே புதுப் பெயரைப் போடவேண்டும் என்பது 2019இல் உங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. 2022இல் அது எப்படி மறந்துபோனது?

நான் வேலை செய்யும் தங்கசாலையில்தான் அரசு மைய அச்சகம் இருக்கிறது. ஊரில் எத்தனையோ பேர் பெயரை மாற்றிக்கொண்டு அரசிதழில் அறிவிப்பு வெளியிடுகிறார்கள். பழைய பெயருக்கு ஒன்று, புதிய பெயருக்கு ஒன்று என்று எவரிடமும் இரண்டு வீட்டு வரி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டணம் இவ்வளவுதானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். மாதத்துக்கு ஒரு தேநீர் காசுகூட வராதுதான். என் ஒரு வீட்டில் மட்டும் இது நடந்திருந்தால் நானும் கேபிள்காரர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் தெருவில் என்னைத் தவிர மூன்று வீட்டுப் பில்களைப் பார்த்தேன். அந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்திருந்த இரண்டு வீடுகளிலும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் சவாரி ஆட்டோ ஓட்டுகிறவர், இன்னொரு வீட்டில் மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிறவர். உழைத்துச் சம்பாதித்த காசு அது.

பணத்தைவிட எனக்குப் பெரிய குறை தமிழ் ஒலி. என் மகனுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்தால் நான் வேலையிலிருந்து திரும்பும்வரை அவனுக்குத் துணை என் அம்மாதான். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். திரையைப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது, கதையைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார். கெட்டவன் ஒளிந்து நிற்கும்போது, "பின்னால் இருக்கிறான் பார்" என்று உள்ளே இருக்கும் பேரனுக்குக் குரல் கொடுப்பார். பேரன் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போவான். இரவு சோறு ஊட்டும்போது அதே கதையை இருவரும் மறுபடி பேசுவார்கள். தாத்தா இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பெரிது என்பதைக் கடிதத்தில் எழுதிக் காட்ட முடியாது.

கடந்த ஏப்ரலில் உங்கள் நிறுவனம் சேனல் எண்களை மாற்றி அடுக்கிய நாளிலிருந்து பெட்டியைப் போட்டால் இந்தி வருகிறது. ரிமோட்டில் ஒலி மாற்றும் பொத்தானை அழுத்தினால், முதல் சில வாரங்கள் தமிழ் வந்தது. ஆனால் மின்சாரம் போய் வந்தாலே பெட்டி மறுபடி இந்திக்குத் திரும்பிவிடும். கோடையில் எங்கள் பகுதியில் மின்சாரம் எத்தனை முறை போய் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் முதல் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் இந்தி மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது. அம்மா இப்போது குரல் கொடுப்பதில்லை. அவன் உள்ளே, அவர் வெளியே.

ஒளிபரப்பாளரே தமிழ் ஒலி தருவதில்லை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. இது சரியல்ல. எதிர்வீட்டில் டிஷ் இணைப்பு. ஜூன் 3ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு அங்கே போய்ப் பார்த்தேன். அதே சேனல், அதே நிகழ்ச்சி, தெளிவான தமிழ். என் வீட்டில் அதே நிமிடம் இந்தி. படம் ஒன்றாகவும் ஒலி மொழிவாரியாகவும் சேர்ந்தே செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அதில் எந்த மொழியை எங்கள் பெட்டிவரை அனுப்புவது என்பது உங்கள் கட்டுப்பாட்டு அறையில் செய்யும் ஏற்பாடு. எண்களை மாற்றி அடுக்கியபோது தமிழ் விடுபட்டிருக்கிறது. சேர்க்க மறந்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். தமிழே இல்லை என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. 2004இல் தமிழோடு வந்த சேனல் இது.

ஆகவே நான் கேட்பது இதுதான். 2022 மார்ச் முதல் 2023 மே வரை 15 மாதங்களுக்கு மார்வெல் ஹெச்க்யூ என்ற பெயரில் பிடித்த தொகையை வரியோடு சேர்த்து என் கணக்கில் திரும்ப வையுங்கள். அந்தப் பெயரை உங்கள் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். இரட்டைக் கட்டணம் கட்டிய மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அவர்களுக்கும் திருப்பிக் கொடுங்கள். சூப்பர் ஹங்காமாவில் தமிழ் ஒலியை மறுபடி சேர்த்து, சென்னை இணைப்புகளில் பெட்டியைப் போட்டதும் தமிழ் வரும்படி அமையுங்கள். இனி ஒரு சேனலின் பெயரோ எண்ணோ மாறினால் அதைத் திரையில் தமிழில் முன்கூட்டியே அறிவியுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் புகாருக்காகக் கேபிள்காரர் அண்ணனிடம் விளக்கம் கேட்டதாக அறிந்தேன். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. பட்டியல் உங்களுடையது, அவர் வசூலிக்க மட்டும் வருகிறார். பில்லைக் கேட்டதும் எடுத்துத் தந்தது அவர் நேர்மை. அதற்காக அவருக்கு ஒரு சிரமமும் வரக்கூடாது.

டிராய் விதிமுறைப்படி வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் நீங்கள் நியமிக்க வேண்டிய நோடல் அதிகாரிக்கு இந்தக் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன். ஜூலை 12ஆம் தேதிக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. மற்ற இரண்டு வீட்டாரும் என்னோடு கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள்.

இணைப்பு: 2019 ஜனவரி தேர்வுப் படிவத்தின் நகல் (பெயர் அடித்து எழுதிய பக்கம்), 15 மாதப் பில்களின் நகல், ஜூன் 3 அன்று இரண்டு வீடுகளிலும் டிவி திரையை எடுத்த புகைப்படங்கள், தங்கள் பதில் கடிதத்தின் நகல். என் பெயரும் இணைப்பு எண்ணும் பில் நகலில் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காசிமேடு.