தட்டைக் கவிழ்த்தும் காட்டுங்கள்

சென்னையில் பழைய பீங்கான், மண்கலச் சேகரிப்புகளைப் பராமரிக்கும் காப்பாளர்களுக்கு,

வணக்கம். ஓவியத் தட்டைச் சுவரில் மாட்டி முகத்தை மட்டும் காட்டினால், அதில் பதிந்த அரசியல், மதச் சண்டையில் பாதி மறைந்துபோகிறது.

மிகைல் அதமோவிச் 1921-இல் வரைந்த ரஷ்யத் தட்டைப் பாருங்கள். நடுவில் லெனின் முகம், ரேஷன் சீட்டுகள். விளிம்பில் 'உழைக்காதவன் உண்ணமாட்டான்' என்ற முழக்கம். இந்த முழக்கத்தின் வேர் பைபிளில், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் மடலில் இருக்கிறது. மதத்தை ஒதுக்கிய சோவியத் அரசு அதைத் தன் வாசகமாக்கிக்கொண்டது. அடிப்பக்கம் இன்னொரு கதை. 1918-இல் அரசுடைமையான பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பீங்கான் ஆலையில் ஜார் மன்னர் காலத்து வெள்ளைத் தட்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றின்மேலேயே புதிய ஓவியங்கள் ஏறின. பல தட்டுகளில் ஜாரின் முத்திரையை வண்ணத் திட்டால் மூடி, பக்கத்தில் அரிவாள் சுத்தியலை வரைந்தார்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்தத் திட்டின் ஓரம் மேடாகத் தெரியும்.

நெதர்லாந்தில் 1780-களில் ஆளும் ஆரஞ்சு குடும்பத்தின் ஆதரவாளர்களுக்காக, இங்கிலாந்திலிருந்து வந்த வெளிர்மஞ்சள் தட்டுகளில் அக்குடும்பத்து ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியமையும், குடும்பச் சின்னமான ஆரஞ்சு மரத்தையும் தீட்டினார்கள். அதே ரகத் தட்டுகளில் கிறிஸ்துவின் சிலுவைப் பாடுகளும் உண்டு.

இந்த வண்ணங்கள் தவறாகக் கையாண்டால் போய்விடும். கொசப்பேட்டை கொலு பொம்மையின் வண்ணம் சூளையைப் பார்ப்பதில்லை. இவற்றின் வண்ணமோ பளபளப்புப் பூச்சுக்கு மேலே தீட்டி, மறுபடி சுமார் 700 முதல் 850 டிகிரியில் சுட்டது. பூச்சோடு ஒட்டியிருக்கும், அதற்குள் புதைந்திருக்காது. பித்தளைக்குப் போடுவதுபோலப் புளியோ எலுமிச்சையோ போட்டால், ஈயம் கலந்த வண்ணத்தை அமிலம் அரித்து மங்கவைத்துவிடும். பொன்பூச்சு தேய்த்தாலே போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஓர் ஓரத்தில் 5 மி.மீ. அளவுக்கு மட்டும் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். மண்தட்டுகளுக்கு பிளீச்சிங் கூடவே கூடாது. அதிலிருந்து விரிசல் வழியாக இறங்கும் உப்பு, நம் ஊர் ஈரம் ஏறி இறங்கும்போது உள்ளே படிகமாகிப் பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும்.

ஸ்பிரிங் கம்பி மாட்டிகளைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் இழுவிசையில் விளிம்பு சில்லு பெயரும். தட்டை 15 செ.மீ. உயர அக்ரிலிக் தாங்கியில் வைத்து, கீழே ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். குறிப்பட்டையில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி விளக்கம் வேண்டும். பதிவு எண்ணைப் பாராலாய்டு பி-72 என்ற, பின்னர் கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் பிசின் பூச்சின்மேல், முத்திரையிலிருந்து தள்ளி எழுதுங்கள். பழைய எண் முத்திரை மேலேயே இருந்தால் நீங்களாகச் சுரண்டாமல் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மண்கலமும் பீங்கானும் பழுதுபார்க்கும் சிலர், சென்னை