சுவர் எந்தப் பக்கமா காயும்? டிசைன் பண்றவங்களுக்கும் விதி எழுதறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுவர், கூரை டிசைனுக்கு கையெழுத்து போடற இன்ஜினியர்கள், ஆர்க்கிடெக்ட்கள், கட்டட விதிமுறை எழுதற கமிட்டில உக்காந்திருக்கறவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். சுவர் வழியா சூடும் ஈரமும் எப்படி நகருதுன்னு மாடல் போட்டு பார்க்கறது என் வேலை. பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னாடி, மீதி நாள் ஓதம் ஏறின சுவர் முன்னாடி ஈரம் பார்க்கற மீட்டரை வச்சுக்கிட்டு நிக்கறேன். இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு பல வருஷமா பார்த்து மனசு வெறுத்துப்போய்தான் எழுதறேன்.

ஒரு சுவரைப் பத்தி சொல்லிடறேன். நாள் முழுக்க ஏசி ஓடற கட்டடம், வெளிய நல்ல புழுக்கமான வெயில் காலம். உள்ள நுழைஞ்சாலே பூஞ்சை வாடைன்னு அங்க இருக்கறவங்க புகார் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பைப் லீக்கா இருக்கும்னு ரெண்டு தடவை சுவரை உடைச்சு பார்த்துட்டாங்க, லீக் எதுவும் இல்ல. நான் போய் வெளிச்சுவரோட உள்பக்கம் ஒட்டியிருந்த வினைல் வால்பேப்பரோட ஒரு மூலையை நகத்தால நிமிண்டினேன், இழுக்கவே வேண்டியதில்ல, தானா கழண்டு வந்துச்சு. பின்னாடி பசை கூழா இருந்துச்சு, கறுப்பும் ரோஸுமா திட்டுத் திட்டா பூஞ்சை, ஜிப்சம் போர்டை கட்டைவிரலால அமுக்கினா நனைஞ்ச அட்டை மாதிரி விரல் உள்ள போகுது. வால்பேப்பர் ஒட்டாத பக்கத்து சுவர் காஞ்சு கிடக்கு. அதே போர்டு, அதே ஏசி, அதே வெளிச்சுவர், ஒரு தாள்தான் வித்தியாசம்.

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். ஈரக் கணக்கு ரிப்போர்ட் முறையா இருந்துச்சு, சீல் வச்சு, கையெழுத்து போட்டு, "உள்ளே நீர் படியும் அபாயம் இல்லை"ன்னு எழுதியிருந்துச்சு. இன்புட் பக்கத்தை திருப்பினா வெளி வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி. குளிர் தேசத்துக்கு போட்ட டெம்ப்ளேட்ல கட்டடத்தோட பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. கணக்குல தப்பே இல்ல, கணக்கு போட்டது வேற ஒரு உலகத்துக்கு.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. குளிர் இடத்துல வெளிய மைனஸ் 5, ஈரப்பதம் 80 சதவீதம்னா காத்துல நீராவி அழுத்தம் சுமார் 320 பாஸ்கல். உள்ள 20 டிகிரி, 50 சதவீதம்னா 1170. அதனால சுமார் 850 பாஸ்கல் ஆவியை உள்ளிருந்து வெளிய தள்ளுது, அங்க உள்பக்கம் ஆவித்தடுப்பு, அதாவது ஆவியை விடாத வேப்பர் பேரியர் அடுக்கு, போடறது நியாயம். இந்தக் கட்டடத்துல வெளிய 32 டிகிரி, 80 சதவீதம், அது 3800 பாஸ்கல். உள்ள ஏசி வச்சு 23 டிகிரி, 50 சதவீதம், 1400 பாஸ்கல். தள்ளற அழுத்தம் 2400, கிட்டத்தட்ட மூணு மடங்கு, அதுவும் வெளிய இருந்து உள்ள. அந்த வெளிக்காத்தோட டியூ பாயிண்ட், அதாவது ஆவி தண்ணியா படிய ஆரம்பிக்கற வெப்பநிலை, 28 டிகிரி. உள்பக்கம் 23 டிகிரில ஆவியை விடாத ஒரு வினைல் தாளை ஒட்டி வச்சா அந்த ஆவி எங்க நிக்கும்? தாளுக்குப் பின்னாடிதான் நிக்கும். யாரும் அதை வேப்பர் பேரியர்னு நினைச்சு ஒட்டல, அழகுக்குன்னு ஒட்டினாங்க, ஆனா சுவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இப்ப முறையைப் பத்தி. நம்மள்ல பெரும்பாலானவங்க இன்னும் நம்பிக்கிட்டு இருக்கறது கிளாசர் முறை. ஜெர்மனில ஹெல்முட் கிளாசர் 1958, 59 வாக்குல குளிர்பதனக் கிடங்குகளோட சுவருக்காக கொண்டு வந்தது, சுவருக்குள்ள ஆவி எங்க தண்ணியா படியும்னு பென்சிலும் வரைபடத்தாளும் வச்சு போடற கணக்கு. குளிர்பதனக் கிடங்குக்கு அது அருமையான முறை, ஏன்னா உள்ள எப்பவும் குளிர், வெளிய எப்பவும் சூடு, ஆவி போற திசை மாறவே மாறாது. அதையே ஐஎஸ்ஓ 13788-ங்கற சர்வதேச ஸ்டாண்டர்ட் வானிலையோட மாசச் சராசரி வச்சு வீட்டுச் சுவருக்கும் போடற மாதிரி ஆக்குச்சு. கிளாசர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்தக் கணக்குல மழை கிடையாது, வெயில் கிடையாது, செங்கல் தண்ணியை உறிஞ்சறது கிடையாது, மரம் ஈரத்தை பிடிச்சு வச்சுக்கறது கிடையாது, கட்டும்போதே உள்ள மாட்டின தண்ணி கிடையாது, இடுக்கு வழியா கசியற காத்தும் கிடையாது. இதெல்லாம் அடங்காதுன்னு அந்த ஸ்டாண்டர்டே சொல்லுது. நாமதான் அந்தப் பக்கத்தை படிக்காம கடைசி வரிக்கு போய் "பாஸ்"னு எழுதிடறோம்.

இது ரெண்டு பக்கமும் வெட்டற கத்தி, நாறற சுவரை பாஸ் பண்ணும், நல்ல சுவரை ஃபெயில் பண்ணும். பழைய செங்கல் சுவருக்கு உள்பக்கமா கால்சியம் சிலிகேட் பலகை வச்சு இன்சுலேஷன் பண்றாங்க இல்லையா, அதை கிளாசர்ல போட்டா ஃபெயில்னு வர்றது சகஜம். ஆனா அந்தப் பலகைக்குள்ள பொடிப் பொடியா இருக்கற துளைகள் படிஞ்ச தண்ணியை திரி மாதிரி இழுத்து அறைப் பக்கமே திருப்பிக் கொண்டு வந்து காய வச்சிடும். ஆவி ஒரு பக்கம் போகுது, தண்ணி எதிர்ப்பக்கம் திரும்புது. இதை பென்சில் கணக்குல காட்டவே முடியாது.

முழு மாடல்ல என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். சூடும் ஈரமும் ஒண்ணையொண்ணு பிடிச்சு இழுக்கற ரெண்டு சமன்பாடு. ஒரு கிலோ தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 2.45 மெகாஜூல் வேணும், அந்தச் சூட்டை சுவர்லேருந்துதான் எடுக்கும், அதனால ஈரம் நகர்ந்தா வெப்பநிலை மாறும், வெப்பநிலை மாறினா ஆவி அழுத்தம் மாறும். நின்ன காத்தோட வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்கு 0.025 வாட் அளவு, தண்ணியோடது 0.6, இருபது மடங்குக்கு மேல, அதனால இன்சுலேஷன் நனைஞ்சா அது இன்சுலேஷனாவே இருக்காது. 1957-லேயே பிலிப்பும் டி வ்ரீஸும் துளைப் பொருள்ல சூடும் ஈரமும் சேர்ந்து நகர்றதுக்கு சமன்பாடு எழுதிட்டாங்க. 1990-கள்ல ஹார்ட்விக் கியூன்ட்செல் அதை கட்டடக்காரங்க ஓட்டற அளவுக்கு கொண்டு வந்தார், அதுலேருந்து வந்ததுதான் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்தோட வூஃபி மென்பொருள்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. செங்கலும் இன்சுலேஷனும் ஒட்டி இருக்கற இடத்துல கனமீட்டருக்கு எத்தனை கிலோ தண்ணின்னு பார்த்தா திடுக்குனு மாறும், செங்கல்ல நிறைய, இன்சுலேஷன்ல கொஞ்சம். ஆனா அந்த எல்லைக் கோட்டுல ரெண்டு பக்கமும் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலைல இருக்கக்கூடிய உச்ச ஆவில எத்தனை சதவீதம் இருக்குங்கற அளவு) ஒண்ணாத்தான் இருக்கும். அதனாலதான் மாடல்ல தண்ணி அளவை விட்டுட்டு ஒப்பு ஈரப்பதத்தை கணக்கோட மாறியா எடுத்துக்கறாங்க. நான் முதல்ல இதைப் புரிஞ்சுக்கிட்ட அன்னிக்குத்தான் சுவர்னா அடுக்கி வச்ச பொருள்கள் இல்ல, தொடர்ச்சியா மூச்சு விடற ஒண்ணுன்னு பட்டுச்சு. மீட்டர்ல செங்கல் "ஈரம்"னும் பக்கத்து மரம் "காய்ஞ்சது"ன்னும் காட்டினா உடனே நம்பாதீங்கன்னு சொல்றதுக்கும் இதே காரணம்தான்.

மழைக்கு வர்றேன், ஏன்னா பெரிய சேதமெல்லாம் அங்கதான். கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால அடுக்குமாடிகள் உள்ளுக்குள்ள அழுகிப்போய் 1998-ல பாரெட் விசாரணைக் கமிஷன் உக்காந்துச்சு, நியூசிலாந்துல அதே கதை, 2002-ல ஹன் அறிக்கை வந்துச்சு. வெளிப்பூச்சை நம்பி, பின்னாடி தண்ணி வடியறதுக்கு இடைவெளி விடாம, ஜன்னல் ஓரத்துல தகடு சரியா வைக்காம, மேல தாழ்வாரம் இல்லாம கட்டின சுவருங்க. நியூசிலாந்துல போதாக்குறைக்கு மருந்து ஏத்தாத மரம் வேற. இந்தச் சுவரை ஓட்டையே இல்லாத சுவர்னு நினைச்சு மாடல் போட்டா பெரும்பாலும் அழகா பாஸ் ஆகும்! நிஜத்துல ஓட்டை இல்லாத ஜன்னல் ஓரம் எங்க இருக்கு? அதனாலதான் 2009-ல வந்த ஆஷ்ரே 160-ங்கற அமெரிக்க ஸ்டாண்டர்ட், சுவர்ல அடிக்கற மழைல 1 சதவீதம் உள்ள போயிடும்னு வச்சுக்கிட்டே கணக்கு போடச் சொல்லுது. வருஷத்துக்கு சதுர மீட்டருக்கு 100 லிட்டர் அடிக்கற சுவர்ல ஒரு லிட்டர் உள்ள போகும். அந்த ஒரு லிட்டரை காய வைக்க முடியலன்னா அந்தச் சுவர் நிக்காது.

மழை நின்னு வெயில் அடிச்சா இன்னொண்ணு நடக்கும். நனைஞ்ச செங்கல் 45 டிகிரிக்கு சூடானா அதுக்குள்ள ஆவி அழுத்தம் 9600 பாஸ்கல் வரைக்கும் போகும், ஆவில ஒரு பங்கு உள்பக்கமாவே ஓடும். மாசச் சராசரி 30 டிகிரின்னு போட்ட கணக்குக்கு இந்த மத்தியானம் தெரியவே தெரியாது. மணிக்கணக்கான வானிலை டேட்டா வேணும்னு நான் அடம் பிடிக்கறது இதுக்காகத்தான்.

கூரைல இதுக்கு நேர் எதிர். தெளிவான ராத்திரில கூரை வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டுட்டு சுத்தியிருக்கற காத்தைவிட பல டிகிரி கீழ இறங்கிடும், தகரக் கூரைக்கு அடியில விடிகாலைல சொட்டுச் சொட்டா தொங்கறது அதுதான். சில மென்பொருள்ல இந்த வான் கதிர்வீச்சு தனி ஆப்ஷன், அதை ஆன் பண்ணாம ஓட்டினா கூரை நிஜத்தைவிட சூடா, காய்ஞ்சதா தெரியும். அதே மாதிரி மரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிச்சா உள்ள குளிர்ச்சி, நல்லதுதான், ஆனா பகல்ல ஈரத்தை கீழ தள்ளிக் காய வச்ச வெயில் சூடு குறைஞ்சுடும். கறுப்புக் கூரைக்கு போட்ட மாடலை வெள்ளைக் கூரைக்கும் செல்லும்னு எழுதாதீங்க, திரும்ப ஓட்டுங்க.

கான்கிரீட் தளத்தையும் சொல்லிடறேன். கனமீட்டருக்கு 300 கிலோ சிமென்ட், 150 லிட்டர் தண்ணின்னு வச்சுக்குங்க. சிமென்ட் எடைல கால் பங்கு அளவு தண்ணி இறுகறதுக்கு போயிடும், மீதி 75 லிட்டர் உள்ளயே இருக்கும். 15 சென்டிமீட்டர் தளத்துல சதுர மீட்டருக்கு 11 லிட்டர். மேல வாட்டர்ப்ரூஃபிங், கீழ ஆவியை விடாத பூச்சுன்னு ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு "மழையே உள்ள போகல, எப்படிங்க ஓதம்"னு என்கிட்ட கேட்டவங்க நிறைய பேர். வெளிய இருந்து போகல சார், நீங்களே உள்ள வச்சு மூடினீங்க.

காத்துக் கசிவை மாடல்ல காட்டறது கஷ்டம், ஒத்துக்கறேன். ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் ஓட்டை வழியா காத்தோட போற ஈரம் சுவர் முழுக்க பரவி ஊடுருவற ஈரத்தைவிட பல மடங்கு. அதுக்கு கட்டடத்துல அழுத்தப் பரிசோதனை பண்ணிப் பார்க்கறதுதான் வழி.

சரி, உங்ககிட்ட நான் கேக்கறது. விதி எழுதறவங்களே, ஏசி ஓடற கட்டடம், உள்பக்க இன்சுலேஷன், மழை நேரா அடிக்கற சுவர், காத்தோட்டம் இல்லாத தட்டைக் கூரை, இந்த நாலுக்கும் மாசச் சராசரி கணக்கை ஏத்துக்காதீங்க. மணிக்கணக்குல ஓட்டற முறைக்கு ஈஎன் 15026-னு 2007-லேருந்தே ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இருக்கு, மாடல் சரியா ஓடுதான்னு சரிபார்க்க ஹாம்ஸ்டாட் சோதனைக் கணக்கு அஞ்சு இருக்கு. கருவி இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. பொருள் தயாரிக்கறவங்க கிட்ட வெப்பக் கடத்தலை மட்டும் வாங்காம ஆவித் தடை எண்ணை (ஆவியை எவ்வளவு தடுக்குதுங்கற எண்) காஞ்ச நிலைலயும் ஈர நிலைலயும், தண்ணி உறிஞ்சற அளவு, ஈரச் சேமிப்பு வளைவு (எந்த ஈரப்பதத்துல எவ்வளவு தண்ணியை பிடிச்சு வச்சுக்கும்ங்கறது), இத்தனையும் கட்டாயமா வாங்குங்க. அது இல்லாம நாங்க மென்பொருள்ல இருக்கற வேற யாரோட செங்கலையோ வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

கையெழுத்து போடறவங்களே, மாடல் ரன்னை ஒரு வருஷத்தோட நிறுத்தாதீங்க, வருஷா வருஷம் ஈரம் ஏறிக்கிட்டே போகுதா இறங்கி நிலைக்குதான்னு தெரியற வரைக்கும் ஓட்டுங்க. நீர் படியலன்னா போதும்னு முடிக்காதீங்க, பூஞ்சைக்கு சொட்டுத் தண்ணி தேவையில்ல, 80 சதவீத ஈரப்பதம் வாரக்கணக்குல நின்னாலே போதும், அதனால 0-லேருந்து 6 வரைக்கும் போற பூஞ்சைக் குறியீட்டையும் போட்டுப் பாருங்க, 3-ஐ தொட்டா கண்ணுக்குத் தெரியற பூஞ்சைன்னு அர்த்தம். நான் சொன்ன அந்த 1 சதவீத மழையை வேணும்னே உள்ள விட்டு ஓட்டுங்க. கட்டும்போது இருக்கற தண்ணியையும் போடுங்க. உள்பக்கம் என்ன பெயிண்ட், என்ன வால்பேப்பர்னு கேட்டு அதையும் ஒரு அடுக்கா சேருங்க.

அப்புறம் ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க: இந்தச் சுவர் நனைஞ்சா எந்தப் பக்கமா, எத்தனை மாசத்துல காயும். அந்த வரியை எழுத முடியலன்னா சீலை எடுக்காதீங்க, டிராயிங்கை திரும்ப எடுங்க. அந்த வால்பேப்பர் கட்டடத்துல நான் புது ரன் போட்டப்போ உள்பக்கத் தாளை எடுத்துட்டு ஆவி விடற சாதாரண பெயிண்டை போட்டதும் போர்டு ஈரப்பதம் ஒரே சீசன்ல கீழ இறங்குச்சு. அந்த ரன்னுக்கு எனக்கு ஆன நேரம் ஒரு மத்தியானம்தான். அந்த மத்தியானத்தை கட்டறதுக்கு முன்னாடி யாராவது செலவழிச்சிருந்தா அங்க இருக்கறவங்க ரெண்டு வருஷம் அந்தக் காத்தை சுவாசிச்சிருக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
சுவருக்குள்ள போற ஈரத்தை மாடல் போடற உங்கள்ல ஒருத்தன்