செயலாளரின் ஆண்டறிக்கை: கரவன் சிங்க்குகளின் கழிவுக் குழாய் ஒழுக்கு

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வண்டி வைத்திருப்போரும் வண்டி திருத்துவோருமான அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் சீசன் முடிந்ததிலிருந்து இந்த மார்ச் வரையான ஓராண்டின் அறிக்கை இது. செயற்குழு ஒழுங்காகக் கூடியது. கணக்கு விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தாவில் மாற்றமில்லை. ஆகவே, பட்டறை நாட்களில் திரும்பத் திரும்ப வந்து நின்ற ஒரே வேலைக்கு இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்க செயற்குழு முடிவு செய்தது. கரவனில், அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டியில், சிங்க்குக்குக் கீழே கழிவுக் குழாய் ஒழுகுவதே அந்த வேலை.

நாலு சொட்டுத் தண்ணீர்தானே என்று விடக்கூடியதல்ல இது. வெயில் ஊரில் சொட்டியது மாலைக்குள் காய்ந்துவிடும். நுவரெலியா, அட்டன் பக்கத்தில் மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால், மூடிய அலுமாரிக்குள் விழுந்த தண்ணீர் வாரக்கணக்கில் காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வடகீழ் பருவமழையிலும் இதே கதைதான். தண்ணீர் ஆணி ஓட்டைகள் வழியே பிளைவுட்டுக்குள் இறங்கி, அதன் அடுக்குகளைப் பிரிக்கிறது. கால் வைத்தால் தரை அமுங்குகிறது என்று வண்டி வரும்போது, குழாய் வேலை தரை வேலையாக மாறிவிட்டிருக்கும். ஒரு வொஷரோடு முடிய வேண்டியது பலகை, சட்டம், லினோலியம் என்று நீண்டுவிடும்.

இந்த ஆண்டு பட்டறைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே ஒருமுறையாவது சிலிக்கன் பூசப்பட்டிருந்தது. ஒழுகும் இடத்தைத் தேடாமல், ஈரம் தெரிந்த இடத்தில் பூசியிருந்தார்கள். தண்ணீர் குழாயின் வெளிப்பக்கமாக ஓடி, மிகத் தாழ்ந்த வளைவில்தான் சொட்டும். சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று. அதனால் செயல்விளக்கத்தின் முதல் பாடமாக இடம் கண்டுபிடிப்பதையே வைத்தோம்.

வண்டியை முதலில் மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். நம் ஊரில் மட்டமான நிலம் அரிது. மூக்கு மேலே தூக்கி நிற்கும் வண்டியில் குழாயின் சரிவே தலைகீழாகிவிடும், அங்கே பார்க்கும் எதுவும் சரியாக இருக்காது. பிறகு சிங்க்குக்குக் கீழே எல்லாவற்றையும் துணியால் துடைத்து, ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளை டிஷூ பேப்பரை ஒரு சுற்றுச் சுற்றவும். ஒரு பீட்ரூட்டைத் துருவி நாலைந்து லீட்டர் தண்ணீரில் கரைத்து வடித்தால் வேண்டிய சாயம் கிடைக்கும். அடைப்பானைப் போட்டு அந்தத் தண்ணீரை சிங்க்கில் நிரப்பிப் பத்து நிமிடம் விடவும். அடைப்பான் போட்டிருக்கும்போதே பேப்பர் சிவந்தால், கசிவு சிங்க் தகட்டுக்கும் வடிகாலின் விளிம்புக்கும் நடுவில் இருக்கிறது. அதுவரை உலர்ந்து இருந்து, அடைப்பானை எடுத்த பிறகு சிவந்தால் குற்றம் கீழே, சிவந்த பேப்பர்களில் மிக உயரத்தில் உள்ளதே குற்றவாளி. மேல் நிரம்பு துளை (சிங்க் நிரம்பி வழியாமல் தண்ணீரை வெளியேற்றும் துளை) இருக்கும் சிங்க்கில் அதன் மட்டத்துக்கும் மேலே நிரப்பிப் பார்க்க மறக்கக் கூடாது. பாத்திரம் கழுவும்போது மட்டும் ஒழுகி, சோதிக்கும்போது ஒழுகாத வண்டிகளில் பல அந்தத் துளையின் சிறு குழாயில்தான் பழுதாகியிருந்தன.

விளிம்பில் கசிவு என்றால், வடிகட்டித் தகட்டின் நடுத் திருகாணியைக் கழற்றினாலே முழுவதும் வந்துவிடும். கீழே உள்ள கிண்ணத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழாயோடு முறுகி அடுத்த மூட்டும் தளர்ந்துவிடும். பழைய ரப்பர் வொஷர் ஒருபக்கம் மட்டும் தட்டையாகி, ஓரம் வெடித்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பயனில்லை, புதியதுதான் போட வேண்டும். பழைய பூச்சைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, விளிம்பின் அடியில் நியூட்ரல் வகை சிலிக்கனை ஒரு மெல்லிய வளையமாக இட்டு மூடவும். வினாகிரி மணம் வரும் சிலிக்கன் உலோகத்தை அரிக்கும், அதைத் தவிர்க்க வேண்டும். திருகாணியைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றுப் போதும். கரவன் சிங்க்கின் தகடு மெல்லியது; வீட்டுச் சிங்க்கைப் போல இறுக்கினால் தகடு குழிந்து, அந்தக் குழியாலேயே ஒழுகும். பின்நட் வகையில் (அடியிலிருந்து நட் போட்டு இறுக்கும் வடிகாலில்) புரிக்கு வெள்ளை டேப் சுற்றும் வழக்கமும் இருக்கிறது. அங்கே தண்ணீரைத் தடுப்பது வொஷர்தான், புரியல்ல. டேப் சுற்றினால் நட் இறுகியது போலத் தோன்றும், வொஷரோ அமுங்கியிருக்காது.

சிலிக்கன் மேலே தோல் கட்டியதும் தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும்; இரவில் 10 பாகை செல்சியஸ் வரை இறங்கும் நுவரெலியாவில் இரண்டு நாள் விடுவதே நல்லது.

குழாயின் மேல் சிலிக்கன் பூசுவது ஏன் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெளிகுழாய் பெரும்பாலும் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக், அமுக்கிப் பொருத்தும் மூட்டுகள் பொலிப்ரொப்பிலீன். இரண்டிலும் சிலிக்கனும் ஒட்டாது, பிவிசி கம்மும் ஒட்டாது. எது என்று தெரியாவிட்டால் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடவும். மிதந்தால் பசை எதுவும் பிடிக்காது. பிவிசி மூழ்கும்.

நெளிகுழாயை மேட்டில் வெட்டக் கூடாது, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் நேராக வெட்ட வேண்டும். நுனியைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் பிடித்தால் இளகும். லைட்டர் காட்டினால் ஒருபக்கம் மட்டும் மெலிந்துவிடும். இளகிய நுனியை, அது பொருந்தும் வடிகால் முனையின் அடிவரை தள்ளி, நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கிளிப் போடவும். நெளிவு சுருள் வடிவில் ஓடும் குழாயாக இருந்தால், கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் தண்ணீர் அந்தச் சுருளின் வழியே திருகாணிப் புரியில் நடப்பது போல வெளியே வந்துவிடும். அதற்கு நுனியில் மழமழப்பான ரப்பர் உறை உள்ள குழாயே தீர்வு. வழியில் மாட்டிக்கொண்டால், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளும்வரை இழுத்து, பாதிக்குப் பாதி மேலேற்றிச் சுற்றலாம். இடம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். வீடு வந்து சேரும்வரைக்கான மருந்து அது, அதற்கு மேல் நம்பக் கூடாது.

பிரித்தானிய வண்டிகளில் கழிவுக் குழாய் 28 மி.மீ. அளவில் வருகிறது. நம் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பிவிசி 25, 32 என்று போகும், இரண்டும் பொருந்தாது. 25ஐச் சூடாக்கி விரித்துச் செருகிய மூட்டு, ரம்பொடை மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஆட ஆட வெடித்துவிடுகிறது. ரப்பர் இணைப்பும் இரண்டு கிளிப்பும் போட வேண்டிய இடம் அது. கடைக்குப் போகுமுன் குழாயைச் சுற்றி ஒரு பேப்பர் பட்டியைப் பிடித்து, நுனி சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். 88 மி.மீ. வந்தால் குழாய் 28. 78 அல்லது 79 வந்தால் 25. 100 அல்லது 101 வந்தால் 32. அமுக்கிப் பொருத்தும் மூட்டில் குழாய் நுனியைப் பிசிறு நீக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுத் தடவிச் செருகவும். வசலின் ரப்பர் வளையத்தை ஊத வைத்துவிடும்.

மூட்டெல்லாம் சரியாக இருந்தும் ஒழுகும் வண்டிகளுக்கு நம் சமையலே காரணம் என்பதுதான் இந்த ஆண்டு கிடைத்த மிக முக்கியமான பாடம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும். மலையில் அது குழாய்க்குள் இறங்கியதும் நெளிவுகளில் வெள்ளையாகப் படிகிறது. அதன்மேல் தேயிலைச் சக்கையும் சோற்றுப் பருக்கையும் ஒட்டுகின்றன. வெட்டிப் பார்த்த ஒரு குழாயில் சுண்டுவிரல் நுழையும் வழி மட்டுமே மிஞ்சியிருந்தது. மீதி முழுவதும் மெழுகு போல இறுகி, நடுவில் தேயிலைத் துகள் கறுப்பாக அடுக்கடுக்காக இருந்தது. வடியாத தண்ணீர் மூட்டுகளில் எப்போதும் நின்று, பாரத்தால் குழாயைத் தொய்ய வைக்கிறது. தொய்ந்த இடத்தில் இன்னும் அதிகமாகப் படிகிறது. இப்படி இருக்கும் வண்டிக்கு மூட்டு மாற்றிப் பயனில்லை. குழாயைக் கழற்றி 50 பாகை அளவுச் சுடுதண்ணீரும் கழுவும் திரவமும் விட்டு, நீண்ட வளையும் தூரிகையால் தேய்த்தால் இளகிப் போய்விடும். கொதிநீர் தேவையே இல்லை. அடைப்பு நீக்கும் காரத்தூளையும் ஊற்றாதீர்கள், அலுமினியம் உள்ள இடத்தை அரித்துவிடும். திருப்பிப் பூட்டும்போது ஒரு மீற்றருக்கு 25 மி.மீ. சரிவும், அரை மீற்றருக்கு ஒரு தாங்கியும் கட்டாயம்.

வடிகஞ்சியைச் சிங்க்கில் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும், ஆனால் பிவிசி 60 பாகைக்கு மேல் தொடர்ந்து தாங்காது. வாளியில் வடித்து ஆற விட்டால் போதும். வாடகைக்கு விடும் வண்டிகளில் சிங்க்குக்கு மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இதை எழுதி ஒட்ட வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

குழாயைத் திருத்தியதும் அலுமாரியை மூடிவிடாதீர்கள். கதவைத் திறந்து விட்டு, மின்விசிறி வைத்து, ஈரமானியால் பார்க்கவும். மரப்பகுதியில் 15 வீதத்துக்குக் கீழே வந்தால் நிம்மதி. 20க்கு மேலே நின்றால் தரையைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தோட்டப் பக்கங்களில் நிறுத்தும் அங்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக்குக் கீழே ஒழுகும் சோப்புத் தண்ணீர் தேயிலைக் கானில் இறங்கி, கீழே உள்ள லயத்தின் பீலிக்குப் போய்ச் சேரும். அந்தப் பீலியில்தான் சனம் குடிதண்ணீர் பிடிக்கிறது. கழிவுத் தொட்டியை இணைக்காமல் சிங்க்கைப் பாவிக்க விடும் வண்டிக்கு அடுத்த ஆண்டு சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் வழங்கப்பட மாட்டாது.

சங்கப் பெட்டியில் இப்போது வேர்னியர், ஈரமானி, வளையும் தூரிகை, 28 மி.மீ. இணைப்புகள், பல அளவுக் கிளிப்புகள், ரப்பர் டேப் ஆகியவை இருக்கின்றன. எடுப்பவர்கள் பதிவேட்டில் ஒப்பமிட்டு, பாவித்த உதிரிப்பாகத்தின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும், அப்போதுதான் கையிருப்பை உரிய நேரத்தில் நிரப்பலாம். அடுத்த செயல்விளக்கம் மழை தொடங்குமுன் நடைபெறும். குழாயைத் தரைக்குக் கீழே எடுத்துச் செல்வதும், நிறுத்தி வைக்கும் காலத்தில் எலி புகாமல் வெளி வாய்க்குக் கம்பிவலை போடுவதும் அன்றைய வேலை. ஒழுகும் வண்டி உள்ளவர்கள் அதைக் கொண்டு வாருங்கள், வரும்போது ஒரு பீட்ரூட்டும் கொண்டு வாருங்கள்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்