பாத்திரம் உன்னிடம் வருமுன்

அன்புள்ள தோழிக்கு,

இந்த மாதத்தோடு நாம் திடப்படுத்தல் பெற்று, ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உன் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. ஊரில் கேட்டால் கொடுப்பார்கள். எதற்கு என்றும் கேட்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் சபையார் படிப்பார்கள் என்று தெரியும். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை.

தென் லண்டனில் நான் போகும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் மூன்று வாரமாக வியாழக்கிழமைதோறும் நிறவெறியைப் பற்றிக் கூடிப் பேசுகிறோம். 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த கறுப்பினக் கிறிஸ்தவர்களை நடத்திய விதத்துக்காக இங்கிலாந்து திருச்சபையின் பொதுப்பேரவை 2020 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. தங்கள் திருச்சபையின் அமைப்பிலேயே நிறவெறி ஊறியிருக்கிறது என்று அன்றைய கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு வந்த அறிக்கை 47 நடவடிக்கைகளைக் கேட்டது. அதைத்தான் பகுதி பகுதியாகப் படிக்கிறோம். ஜமைக்காவில் பிறந்த ஒரு பாட்டி, தான் வந்த முதல் ஞாயிறன்று குருவானவர் வாசலில் கைகுலுக்கிவிட்டு, "இனி வராதீர்கள், மற்றவர்களுக்குச் சங்கடம்" என்று சொன்னதைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். என் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்த முதல் ஆண்டைச் சொன்னேன். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

திடப்படுத்தல் அன்று திருவிருந்து வரிசையில் நீதான் எனக்கு முன்னால் நின்றாய். அத்தை வந்து என் முழங்கையைப் பிடித்து உனக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ரசத்தைக் குடித்ததும் நம் சபைக் குருவானவர் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, லேசாகத் திருப்பி, உன் உதட்டருகே கொண்டுபோனார். என் எச்சில் உனக்கு ஆகும், உன் எச்சில் எனக்கு ஆகாது. பதினைந்து வயதில் என்ன புரியும் என்று சொல்லிப் பார்க்கிறேன். புரிந்தது. கையை உதறியிருக்கலாம். அத்தை வீட்டுச் சோற்றில் படித்தவள் எப்படி உதறுவேன்?

நீயாவது ஒரு சொல் கேட்டிருக்கக்கூடாதா? மறுநாள் வழக்கம்போல வந்து கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு போனாய். மன்னித்துவிட்டாய் என்றே உன் கல்யாணம் வரை நினைத்திருந்தேன். வகுப்பில் எல்லாருக்கும் பத்திரிகை வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. அப்போது எனக்கு வந்தது வெட்கமல்ல, கோபம். அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிடுங்கள் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் கல்கத்தாவிலிருந்து எழுதினாராம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை மிஷனரி கதைகள் கேட்டோம்! இதை ஒருவரும் சொல்லவில்லையே.

வருகிற வியாழக்கிழமை நான் மறுபடி பேசுகிறேன். அத்தையின் கையைச் சொல்வேன், நகர்ந்துகொடுத்த என் காலையும் சொல்வேன். வெள்ளைக்காரர்கள் முன்னால் நம் வீட்டு அழுக்கையா அலசுவது என்று அண்ணன் கேட்டார். அவர்கள் வீட்டு அழுக்கை என் முன்னால்தானே அலசினார்கள்?

உன் பெயரைச் சொல்லமாட்டேன். நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.