கழித்துப் போட்டவற்றோடு ஒரு வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிறர் கழித்துப் போட்ட பொருள்களைப் பழுதுபார்த்தும் மாற்றிச் செய்தும் மீண்டும் பயன்படுத்தும் நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது, தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். புத்தகத்தோடு, எடுத்துவந்த பொருள்களைப் போட்டு வைக்கும் கொட்டகையின் சாவியும் கைக்கு வந்து சேர்ந்தது. அதனால் இந்த அறிக்கையில் கொட்டகை விவகாரம் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முறைப்படி சொல்ல வேண்டியவை. மாதக் கூட்டங்கள் நடந்தன. பெருமழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள், பெரும்பாலும் இளையவர்கள். பெயர்கள் பதிவேட்டில் உள்ளன. சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களும் அதே பதிவேட்டில்தான் உள்ளன; அவற்றை இங்கே வாசிக்கப்போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக முன்வைப்பார்.

சரி, கொட்டகைக்கு வருவோம். வருடத் தொடக்கத்தில் கதவைத் திறந்தால் உள்ளே ஓர் ஆள் நுழைய வழியில்லை. கால் உடைந்த நாற்காலிகள், மூடியில்லாத பெட்டிகள், பெட்டியில்லாத மூடிகள், எந்தக் கதவுடையது என்றே தெரியாத தாழ்ப்பாள்கள். அடுத்தவர் தூக்கிப் போட்டதில் மதிப்பைப் பார்க்கப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் ஏதோ ஒன்று தெரியும். தெரிந்த பிறகு விட மனம் வராது. ஆனால் ஒருவர் வாசலில் போட்டதை எடுத்துவந்து நாம் இருட்டில் அடுக்கி வைத்தால், குப்பை இடம் மாறியது என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. குழுவில் இதைச் சொன்னபோது மூத்தவர்கள் சிலருக்கு வருத்தம். "தம்பி, நாளைக்கே ஒருத்தர் அந்தப் பித்தளைக் கைப்பிடியைக் கேட்டு வந்தா என்ன சொல்வீங்க?" என்று ஓர் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கைப்பிடி எங்கே கிடக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை என்பதுதான் என் பதில்.

இரண்டு கூட்டங்கள் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு விதி நிறைவேறியது. கொட்டகைக்குள் வரும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு கட்டப்பட வேண்டும். கொண்டுவந்தவர் யார், எந்தத் தேதி, அதை வைத்து என்ன செய்ய உத்தேசம் என்று மூன்று வரி. "எதற்காவது ஆகும்" என்று எழுதினால் ஏற்கப்படாது. ஆறு மாதத்தில் அந்த வேலை தொடங்காவிட்டால் பொருள் பொது மேசைக்கு வரும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் ஆள் இல்லையென்றால் பிரித்து, உலோகம் தனி, மரம் தனி, கண்ணாடி தனி என்று அனுப்பிவிடுவோம். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் அலுமினியமாக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் தேவைப்படுகிறது. நெளிந்த சட்டி ஒன்று மூலையில் தவம் கிடப்பதைவிட உருகிப் போவது அதற்கு மரியாதை.

இடம் காலியாகக் காலியாக, பின்னால் இருந்தவை கண்ணில் பட்டன. அப்படி வெளியே வந்ததுதான் அந்தப் பழைய கைத் தையல் இயந்திரம். சக்கரம் அசையவே இல்லை. உடைந்துபோனது என்றுதான் யாரோ கழித்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பாகமும் உடையவில்லை. வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்ததால் எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது. அசையும் இணைப்புகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டு மெல்ல மெல்ல ஆட்டினால் பெரும்பாலும் இளகிவிடும். இதுவும் இளகியது. கருப்பு உடலின் மேல் அழுக்குக்கு அடியில் பொன்னிறப் பூக்கொடி வேலை இருந்தது தெரிந்தபோது, எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம். அந்தப் பூவேலை வெறும் ஒட்டுப்படம். மண்ணெண்ணெய் பட்டால் அதுவும் கரைந்து வந்துவிடக்கூடும். உள்ளே இரும்புக்கு ஒரு வைத்தியம், வெளியே ஈரத்துணி. இதைக் கவனித்துச் சொன்ன அக்காதான் இப்போது அந்த இயந்திரத்தின் பொறுப்பாளர்.

அடுத்து, பழுதுபார்க்கும் நாள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2009ல் மார்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய முறை இது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. நாமும் அதன் முக்கியமான நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டோம்: பொருளைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் தன் வீட்டு மின்விசிறியின் வயிற்றை முதல்முறை பார்க்கிறவர் முகத்தில் வரும் ஆர்வம் இருக்கிறதே, அதற்காகவே இந்த நிபந்தனையை மாற்றக்கூடாது.

வந்தவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போனவையே அல்ல என்பது என் கணிப்பு. மெதுவாகச் சுற்றும் விசிறிக்குப் பெரும்பாலும் கண்டென்சர்தான் போயிருக்கும். விரல் அளவு பொருள், மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். ஓடாத மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்வோம். சுமை அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்றத் தானாகவே நின்றுகொள்ளும் ஏற்பாடு அது. அழுத்தியதும் ஓடும், கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். அப்படியும் ஓடாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாருக்கு அடி படாமல், விலை குறைந்த ரப்பர்த் துண்டு முதலில் தேயட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எல்இடி பல்புகளில் சின்னச் சின்னச் சில்லுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். பல சமயம் ஒன்று கருகினாலே பல்பு முழுவதும் அணைந்துவிடும். கருகிய சில்லில் ஒரு கருப்புப் புள்ளி தெரியும். மற்றவை நல்ல நிலையில் இருக்க, மொத்தமும் குப்பைக்குப் போகிறது. பல்புக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான். 1924ல் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடிப் பேசி, பல்பின் ஆயுளை 1000 மணி நேரத்தில் நிறுத்துவது என்று ஒப்பந்தம் போட்ட வரலாறு உண்டு.

2022ல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை. முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நம் மேசை இதில் ஒரு துரும்பு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த மேசையில் கற்றுக்கொண்டவர் அடுத்த முறை எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் தூக்கிப் போடமாட்டார்.

துணிப் பிரிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரும் துணியை முதலில் நூல் நுனியில் கொளுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். பலமுறை துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திக்கு இருக்கும் மென்மை எந்தப் புதுத் துணியிலும் வராது. ஒட்டுத்துணிப் போர்வைக்கு அதுதான் தேவை. இந்தப் பிரிவினர் அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்களின் போர்வைகளைப் படங்களில் பார்த்துப் படித்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர். வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளை வெட்டி, குளிருக்காகத் தைத்தவை. முழங்கால் தேய்ந்த இடம் வெளிறி, பை இருந்த இடம் அடர் நீலமாக அப்படியே நிற்கும். 2002ல் அவை அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006ல் அஞ்சல் தலையாகவும் வந்தன. நம்மவர்கள் அதே மாதிரி தைக்கப் பார்க்கவில்லை. வெளிறலையும் கறையையும் மறைக்காமல் வைப்பது என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வருடத்தின் சிறந்த வேலைகள் இந்தப் பிரிவிலிருந்தே வந்தன என்பது என் அபிப்பிராயம். மரவேலைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கண்காட்சி நல்லபடியாக நடந்தது. கூட்டமும் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கண்ணாடிப் பாட்டிலுக்கு மேலே கனமாக வண்ணம் பூசி, மினுக்கு ஒட்டி, பூச்சாடி என்று வைத்திருந்தோம். கண்ணாடிக்கு இருந்த ஒரே அழகு வெளிச்சம் ஊடுருவுவது. அதைத்தான் முதலில் அடைத்துவிட்டோம். அடுத்த முறை குப்பைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலை உருக்குவதும் சிரமம். பிக்காசோ 1942ல் ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து வைத்துக் காளைத் தலை செய்தார். இரண்டுமே இன்னும் இருக்கையாகவும் கைப்பிடியாகவுமே தெரிகின்றன. அதே நேரம் காளை முறைக்கிறது. கானாவில் பிறந்த எல் அனட்சுய் மதுப் பாட்டில்களின் உலோக மூடிகளைத் தட்டி, மடக்கி, செப்புக் கம்பியால் கோத்துச் சுவர் அகலத்துக்குத் திரைச்சீலை போலத் தொங்கவிடுகிறார். கிட்டே போனால் மூடியில் அச்சிட்ட எழுத்துகளைக்கூடப் படிக்கலாம். பொருள் தன் பழைய வாழ்க்கையை ஒளித்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்புறம், தகர டப்பாவில் செய்த பேனா ஸ்டாண்டுகள். அடுத்த கண்காட்சிக்கு அவை தயவுசெய்து வேண்டாம். இப்போதே பேனாக்களைவிட ஸ்டாண்டுகள் அதிகம்.

உரை நிகழ்ச்சிகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஏடு தேடி உ.வே.சா. அலைந்தது நம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், பேச வந்தவர் எகிப்துக்குப் போய்விட்டார். ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் குப்பைமேடுகளைக் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இருவர் 1896ன் கடைசியில் தோண்டத் தொடங்கினார்கள். மழை அனேகமாக இல்லாத மண் என்பதால், கிழித்துப் போட்ட பாப்பிரஸ் என்ற நாணல் தாள்கள் மட்காமல் கிடந்தன: வரி ரசீது, கடன் பத்திரம், கணக்கு, கடிதம். தேயோன் என்ற சிறுவன் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று. என்னை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டீர்கள், அலெக்சாண்டிரியாவுக்கும் கூட்டிப்போகாவிட்டால் இனி கடிதம் எழுதமாட்டேன், பேசமாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று மிரட்டுகிறான். பிழைகளோடு எழுதியிருக்கிறான். யாரும் பாதுகாக்க நினைக்காததால்தான் அது நமக்குக் கிடைத்தது என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கில் சலசலப்பு.

அந்த உரைக்குப் பிறகு, குப்பையில் கிடைக்கும் புகைப்பட ஆல்பங்களையும் கடிதங்களையும் பற்றி ஒரு முடிவுக்கு வந்தோம். அவை கலைப்பொருளாக வெட்டப்படமாட்டா. முதலில் குடும்பத்தாரைத் தேடுவோம். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகவே பிரியும், பிறகு படப் பக்கம் மேலே இருக்கும்படி உலர்த்தலாம்.

நமக்கு முன்னால் தெருவில் இருப்பவர்கள் கழிவு சேகரிக்கும் தொழிலாளர்கள். நமக்கு இது பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு. ஆகவே அவர்கள் விற்கக்கூடிய காகிதம், உலோகம், பாட்டில் ஆகியவற்றைத் தெருவிலிருந்து நாம் எடுப்பதில்லை. தேவையானால் அவர்களிடம் கேட்டு வாங்குகிறோம். கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, கசக்கும் சத்தத்தை வைத்தே பிளாஸ்டிக் வகையைச் சொன்னார். தண்ணீரில் போட்டுச் சரிபார்த்தோம். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட்டும் குழாய் செய்யும் பிவிசியும் மூழ்கும். ஒன்றுகூடத் தவறவில்லை. அவருக்குப் பயிற்சியாளருக்கான மதிப்பூதியம் வழங்கப்பட்டது. வரும் வருடமும் வழங்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாகவே இருக்கப்போகிறோம். சரக்கு ஏற்றும் மரப்பலகைத் தட்டுகளில் உள்ள முத்திரையைப் பாருங்கள்: ஹெச்டி என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எம்பி என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. இரண்டாவது வகை கொட்டகைக்குள் வரக்கூடாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெட்டி டிவியை யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும். உப்பிய லித்தியம் பேட்டரி கண்ணில் பட்டால் அழுத்தாமல், குத்தாமல் மணல் வாளியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

அடுத்த வருடத்துக்கு இரண்டு கோரிக்கைகள். கருவிகளை இரவல் கொடுக்கும் பதிவேடு ஒன்று தொடங்க வேண்டும். இரண்டு திருப்புளிகளும் ஒரு மல்டிமீட்டரும் எங்கே என்று இப்போது யாருக்கும் தெரியாது. கொட்டகைக்குத் தனிப் பொறுப்பாளர் வேண்டும். சாவியைக் கொடுக்க நான் தயார். பெயர் கொடுப்பவர்களுக்கு மனதைக் கல்லாக்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கடந்த பொருள்கள் பின்புற மேசையில் உள்ளன. கூட்டம் முடிந்ததும், புதிய உத்தேசத்தைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். பித்தளைக் கைப்பிடியும் அங்கே இருக்கிறது; ஐயாவுக்கு முன்னுரிமை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்