ஹாம்பர்க் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டிசம்பர் 27 முதல் 30 வரை ஹாம்பர்க்கில் ஹேக்கர்கள் மாநாட்டுக்குப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று ராத்திரியே டிவியில் ஏதோ வங்கி மோசடிச் செய்தி. கறுப்புத் தொப்பிச் சட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் அதே படம். "இவங்க கூட்டத்துக்கா நம்ம பொண்ணு போறா?" என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் படத்தை நானே எத்தனை தடவை பத்திரிகைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்!

1988 நவம்பர். பத்திரிகையில் செய்தி டெஸ்க்கில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புரோகிராம் இணையத்தில் பரவி, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிவிட்டதாக ஏஜென்சி செய்தி வந்தது. ஹேக்கருக்குத் தமிழ் தேட நேரமில்லை. ‘கணினித் திருடன்’ என்று மூன்று பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டேன். அவர் எதையும் திருடவில்லை. புகுந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே திரும்பத் திரும்பப் புகும்படி புரோகிராமில் கணக்குத் தப்பிவிட்டது, அவை திணறிப்போயின. செய்தது தப்புதான், கோர்ட்டும் தண்டித்தது.

மீதிக் கதை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதே வாரம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், அந்தக் கம்ப்யூட்டர்களை இயக்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் புரோகிராமர்களுக்கு வருடாந்திரப் பட்டறை. அங்கே இருந்தவர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரர்களும் தூக்கம் விட்டு அந்தப் புரோகிராமைப் பிரித்து மேய்ந்து, ஓட்டையை அடைக்கிற வழியை ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். ஹேக்கர் என்ற பேச்சு எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் ஓட்டுகிற மாணவர் சங்கத்திலிருந்து வந்தது. அங்கே அது பாராட்டு. ஓட்டையை அடைத்தவர்களை அந்தப் பெயரில் சொல்ல எனக்குத் தோன்றியிருக்குமா? சந்தேகம்தான்.

நீ போகிற மாநாட்டை நடத்துகிற ஜெர்மன் ஹேக்கர் சங்கம், கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், அதன் விவகாரமும் எனக்குத் தெரியும். 1984-இல் ஜெர்மன் தபால் துறை பி.டி.எக்ஸ். என்று ஒரு சேவை நடத்தியது; டெலிபோன் வழியாகத் தகவல் பக்கங்களைத் திரையில் பார்க்கலாம், சில பக்கங்களைத் திறந்தால் அதைப் போட்டவருக்குக் கட்டணம் போகும். அதில் ஓட்டை இருக்கிறது என்று இவர்கள் சொல்ல, பத்திரமாகத்தான் இருக்கிறது என்றது துறை. ஒரு ராத்திரி, அந்தச் சேவையில் ஹாம்பர்க் சேமிப்பு வங்கி வைத்திருந்த கணக்கில் நுழைந்து, தங்களுடைய கட்டணப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறக்க வைத்தார்கள். தடவைக்கு 9.97 மார்க், அன்றைய ஜெர்மன் பணம். விடிவதற்குள் சுமார் 1,35,000 மார்க் சேர்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் மாநாடு அந்த டிசம்பரில்தான்.

அந்தச் செய்தி என் மேஜைக்கு வந்திருந்தால்? கொள்ளை முதல் பக்கம். திருப்பிக் கொடுத்தது மறுநாள் எட்டாம் பக்கம், அதுவும் இடமிருந்தால்.

போன பிப்ரவரியில் நீ பிரஸ்ஸல்ஸ் போனாயே, ஃபோஸ்டெம் என்கிற திறந்த மூல மென்பொருள்காரர்களின் கூட்டத்துக்கு. ஆயிரக்கணக்கானவர்கள், டிக்கெட் இல்லை, பெயர்ப்பதிவுகூட இல்லை, ரெண்டு நாளும் பல்கலைக்கழக அறைகளில் மென்பொருளைப் பற்றியே பேச்சு. இங்கே ஒரு வரி வரவில்லை. எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். இல்லையே, நிருபர் எங்கே போய்க் கேட்பார்?

உங்கள் பக்கமும் கொஞ்சம் கோளாறு உண்டு, சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்க்கில் அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாதாம். நியாயமான விதிதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கம் முடிக்கிறவனுக்குப் படம் வேண்டும். கிடைக்காவிட்டால் கோப்பிலிருந்து அந்தத் தொப்பிச் சட்டைக்காரனைத்தான் எடுப்பான். தொண்டர்களை அங்கே ‘ஏஞ்சல்’ என்று கூப்பிடுவார்கள், நானும் பாத்திரம் கழுவப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாயே, அதை அம்மாவிடம் சொன்னேன். இங்கே ஒரு டம்ளர் கழுவாதவள் அங்கே போய்க் கழுவுகிறாளா என்று முதல்முறையாகச் சிரித்தாள்.

அப்புறம், கூட இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்தக் கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளாதே; இங்கே சமாளிக்க வேண்டியவன் நான்தான்.

அன்புடன்,
அப்பா